எல்லாம் தெரிந்த பார்வையாளர், எதுவும் தெரியாத பாத்திரங்கள்: 'பிளட் சிம்பிள்' பார்த்தவர்கள் ஏன் இரண்டாகப் பிரிகிறார்கள்?

மனைவிக்கு இன்னொருவருடன் உறவு. அது கணவனுக்குத் தெரியவருகிறது. பிறகு ஒரு கொலை. இந்தக் கருவை வைத்துக் கொஞ்சப் பணத்தில் எடுக்கப்பட்ட த்ரில்லர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டால், ஒருவர் "மூச்சு விட முடியவில்லை" என்பார். அடுத்தவர் "ஒரே இழுவை, ஒருத்தனுக்கும் மூளை இல்லை" என்பார். இருவரும் பார்த்தது ஒரே படம். படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

இதை 'ரசனை ஆளுக்கு ஆள் மாறும்' என்று சொல்லி முடித்துவிட முடியாது. இந்த வகைப் படங்களின் கட்டுமானத்திலேயே பிளவுக்கான காரணம் இருக்கிறது. அதைக் காட்ட மிகப் பொருத்தமான படம் 1984-ல் வெளிவந்த 'பிளட் சிம்பிள்'. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதைப் பார்த்தவர்கள் அதே நான்கைந்து புகார்களைச் சொல்கிறார்கள், அதே நான்கைந்து காரணங்களுக்காகக் கொண்டாடுகிறார்கள். முடிவு உட்பட முழுக் கதையும் கீழே பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

## படம் உருவான விதம்

ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் சகோதரர்களின் முதல் படம் இது. 1982-ன் இறுதியில் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டின் நகரிலும் சுற்றுப்புறத்திலும் எட்டு வாரம் படப்பிடிப்பு நடந்தது. 1984-ல் டொரன்டோ, நியூயார்க் திரைப்பட விழாக்களில் திரையிடப்பட்டு, 1985 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. பிற்பாடு சன்டான்ஸ் என்று பெயர் மாறிய விழாவில் அதே ஆண்டு நடுவர் குழுவின் பெரும் பரிசை வாங்கியது. மொத்தச் செலவு சுமார் 15 லட்சம் டாலர்.

அதில் ஸ்டூடியோ பணம் எதுவும் இல்லை. படம் எடுக்கும் முன்பே சுமார் இரண்டு நிமிட முன்னோட்டம் ஒன்றைப் படம்பிடித்தார்கள். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு மினியாபொலிஸ் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் அதை ஓட்டிக் காட்டினார்கள். 60-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணம் அது. சாம் ரெய்மி தன் 'ஈவில் டெட்' படத்துக்குக் கையாண்ட வழி இது. அந்தப் படத்தில் ஜோயல் உதவி எடிட்டராக இருந்து கற்றுக்கொண்டார்.

ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு இது முதல் படம். ஒளிப்பதிவாளர் பாரி சோனன்ஃபெல்டுக்கும் இசையமைப்பாளர் கார்ட்டர் பர்வெலுக்கும் முதல் முழுநீளக் கதைப்படம். படத்தைச் சுமப்பவர்கள் ஐந்தே நடிகர்கள். ஒரு மதுக்கடை, இரண்டு வீடுகள், ஒரு அடுக்குமாடி அறை, ஒரு நெடுஞ்சாலை, உழுது போட்ட ஒரு வயல். கதை நடக்கும் இடங்கள் ஏறத்தாழ இவ்வளவுதான்.

## முக்கோணக் கதைக்கு ஏற்கெனவே எழுதப்பட்ட விதிகள்

பார்வையாளர் வெறுங்கையோடு அரங்குக்குள் வருவதில்லை. கணவன், மனைவி, காதலன் என்றதும் மனதுக்குள் ஒரு வரைபடம் விரிகிறது. அந்த வரைபடத்தை யார் வரைந்தார்கள் என்று தெரிந்தால் பாதிப் புகார்களுக்கு விடை கிடைக்கும்.

1927-ல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் அவள் காதலன் ஜட் கிரேயும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்றார்கள். கணவன் பெயரில் முன்பே இன்ஷூரன்ஸ் எடுக்கப்பட்டிருந்தது. 1928 ஜனவரியில் இருவருக்கும் மின்சார நாற்காலியில் மரண தண்டனை நிறைவேறியது. பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதித் தீர்த்த வழக்கு அது. நாவலாசிரியர் ஜேம்ஸ் எம். கெய்ன் 1930-களில் எழுதிய கதைகளில் அதன் நிழல் விழுந்தது. அவற்றிலிருந்து வந்த படங்கள் 'நுவார்' என்று அழைக்கப்படும் இருண்ட குற்றப்பட வகையின் அச்சாக மாறின. அந்த அச்சில் மூன்று விதிகள் உண்டு:

1. திட்டம் போடுபவள் மனைவி.
2. அவள் பேச்சில் மயங்கிக் கையை நனைப்பவன் காதலன்.
3. கடைசியில் இருவருக்கும் தண்டனை. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டைக் கட்டிப்போட்டிருந்த தணிக்கை விதிகளின்படி குற்றம் செய்தவர் தப்பவே கூடாது. அதனால் இந்த விதி எழுத்தாளரின் விருப்பமாக இல்லாமல் கட்டாயமாகவே ஆகிவிட்டது.

'பிளட் சிம்பிள்' மூன்றையும் வைத்து விளையாடுகிறது. இங்கே கொலைத் திட்டம் போடுபவன் கணவன். மனைவி ஆபி யாரையும் கொல்ல நினைக்கவே இல்லை. காதலன் ரே, அவள் கொன்றுவிட்டாள் என்று தானாக முடிவுகட்டிக்கொண்டு தடயத்தை அழிக்கிறான். நுவார் படங்களில் ஊறிய பார்வையாளருக்கு இந்தத் திருப்பம் தித்திக்கிறது. பழைய வரைபடத்தோடு உட்காருபவர் 'இவள் எப்போது தன் நிஜ முகத்தைக் காட்டுவாள்' என்று கடைசி வரை காத்திருந்துவிட்டு ஏமாந்து எழுந்து போகிறார்.

படம் அந்தச் சந்தேகத்தைத் தெரிந்தே வளர்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கணவன் மார்ட்டி ரேயிடம் ஒரு எச்சரிக்கை விடுகிறான்: ஒருநாள் அவள் உன் முகத்தைப் பார்த்து, 'நான் தப்பாக ஒன்றும் செய்யவில்லையே' என்று அப்பாவிபோலச் சொல்வாள். பல காட்சிகள் கழித்து, உண்மையிலேயே ஒன்றும் தெரியாத ஆபி கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். ரேயின் முகம் இறுகுகிறது. அவள் பேசுவது முழு உண்மை, ஆனால் மார்ட்டி வைத்த விஷம் அதைப் பொய்யாகக் கேட்க வைக்கிறது. இந்த இடத்தில் ரேயோடு சேர்ந்து ஆபியைச் சந்தேகிக்கும் பார்வையாளர்களும் உண்டு. அவர்களிடம் கேட்டால் ஆபி 'சரியாக எழுதப்படாத பாத்திரம்' என்பார்கள். என்னைக் கேட்டால் மொத்தப் படத்திலும் மிக நுட்பமாக எழுதப்பட்ட இரண்டு நிமிடம் அதுதான்.

## யாருக்கு எது தெரியும்?

இந்தப் படத்தின் இயந்திரம் இங்கேதான் இருக்கிறது. பார்த்தவர்களில் பலர் தடுக்கி விழுவதும் இங்கேதான். முதலில் நடந்ததை வரிசையாக வைத்துக்கொள்வோம்.

மதுக்கடை முதலாளி மார்ட்டி, தன் மனைவி ஆபிக்கும் கடை ஊழியன் ரேக்கும் உள்ள உறவைத் துப்பறிய விஸ்ஸர் என்பவனை அமர்த்துகிறான். புகைப்படங்களோடு சான்று கிடைக்கிறது. பிறகு இருவரையும் கொல்ல அவனிடமே 10,000 டாலர் பேசுகிறான். விஸ்ஸர் சொன்னபடி, ஊரில் இல்லை என்று காட்டிக்கொள்ள கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கடலோர ஊருக்கு மீன் பிடிக்கப் போய்த் திரும்புகிறான். விஸ்ஸரோ யாரையும் கொல்லவில்லை. தூங்கும் ஜோடியைப் படம் எடுத்து, குண்டு பாய்ந்ததுபோல் அதைத் திருத்திக் கொண்டுவந்து காட்டுகிறான். பணத்தை வாங்கிக்கொண்டு, ஆபி வீட்டில் திருடிய அவளுடைய துப்பாக்கியாலேயே மார்ட்டியைச் சுட்டுவிட்டுப் போகிறான். போகும்போது தன் பெயர் பொறித்த சிகரெட் லைட்டரை மேசை மேல், மார்ட்டி பிடித்துவந்த மீன்களுக்கு அடியில் விட்டுவிடுகிறான். மார்ட்டியும் சுடப்படும் முன் ஒரு வேலை செய்திருக்கிறான்: அந்தத் திருத்திய படத்தைக் கமுக்கமாக இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான்.

அதன்பின் ரே கடைக்கு வருகிறான். கால் பட்டுத் துப்பாக்கி வெடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஆபியுடையது. அவளைக் காப்பாற்ற மார்ட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வயலில் புதைக்கிறான். இந்தக் கட்டத்தில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்:

1. ரே: ஆபிதான் சுட்டாள் என்று நம்புகிறான். விஸ்ஸர் என்று ஒருவன் இருப்பதே அவனுக்குத் தெரியாது.
2. ஆபி: மார்ட்டி சுடப்பட்டதே தெரியாது. ரே நள்ளிரவில் என்ன செய்தான் என்பதும் தெரியாது. அவனுக்கும் மார்ட்டிக்கும் ஏதோ கைகலப்பு என்று ஊகிக்கிறாள்.
3. விஸ்ஸர்: தன் லைட்டரும் ஒரு படமும் காணவில்லை என்று தெரியும். அவை ஜோடியிடம் சிக்கிவிட்டன என்று எண்ணி அவர்களைத் தொடர்கிறான். லைட்டர் நகராமல் அங்கேயே மீனுக்கு அடியில் கிடக்கிறது.
4. மூரிஸ் என்ற இன்னொரு ஊழியன்: 10,000 டாலர் போன கணக்கை மூடிமறைக்க மார்ட்டி தொலைபேசிப் பதிவில் விட்ட திருட்டுப் புகாரைக் கேட்டிருக்கிறான். ரேதான் திருடன் என்று முடிவுகட்டுகிறான்.
5. பார்வையாளர்: எல்லாம் தெரியும்.

ஐந்தாவது வரிதான் பிளவின் வேர். பெரும்பாலான துப்பறியும் கதைகளில் பாத்திரங்களுக்குத் தெரிந்தது பார்வையாளருக்குத் தெரியாது. கடைசியில் முடிச்சு அவிழும்போது திடுக்கிடுகிறோம். இங்கே முடிச்சு நம் கண் முன்னாலேயே போடப்படுகிறது. கிடைப்பது திடுக்கிடல் அல்ல, பதைப்பு. நடுக்கூடத்தில் திறந்து கிடக்கும் கிணற்றை நோக்கிக் கண்ணைக் கட்டிய நால்வர் நடந்துவருவதைப் பார்க்கும் பதைப்பு. 'த்ரில்லர்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுகிறது. திடுக்கிட வந்தவருக்குப் பதைப்பைப் பரிமாறினால், 'ட்விஸ்ட்டே இல்லையே' என்றுதான் சொல்வார். அவர் சொல்வதும் உண்மை. அவர் எதிர்பார்த்த வகை ட்விஸ்ட் அங்கே இல்லை.

## திரும்பத் திரும்ப வரும் புகார்கள்

"ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்குமே." மிக அதிகம் சொல்லப்படும் குறை இது. ரேயும் ஆபியும் பேசிக்கொள்ளவே செய்கிறார்கள். ஆனால் ரே 'நீ செய்ததை நான் சுத்தம் செய்துவிட்டேன்' என்ற பொருளில் பேசுகிறான். ஆபிக்கு 'செய்தது' எது என்றே புரியவில்லை. தொலைபேசி மணி அடிக்கிறது. எதிர்முனையில் பேச்சு இல்லை. அழைப்பது மார்ட்டி என்று அவள் சொல்ல, அவனைப் புதைத்துவிட்டு வந்திருக்கும் ரேக்கு அது அப்பட்டமான பொய்யாகத் தோன்றுகிறது. அவளுக்கு இன்னொருவன் இருக்கிறானோ என்று நினைக்கிறான். அவர்கள் உறவே ஒரு நம்பிக்கைத் துரோகத்தில் தொடங்கியது. கணவனிடம் பொய் சொன்னவள் தன்னிடம் மட்டும் சொல்லமாட்டாள் என்பதற்கு ரேயிடம் என்ன உத்தரவாதம்? உறவு மீறல் என்ற கரு இந்தப் படத்தில் வெறும் கவர்ச்சிக்காக வைக்கப்படவில்லை. பேச்சு பயன்படாமல் போவதற்கே அதுதான் காரணம். இருவரும் சாதாரண நண்பர்களாக இருந்திருந்தால் இந்தக் கதை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

"ரே ஏன் போலீசுக்குப் போகவில்லை?" அவன் கையில் இருப்பது ஆபியின் துப்பாக்கி. போனால் அவள் மாட்டுவாள் என்று நம்புகிறான். பிறகு வழியில் மார்ட்டி இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தபோது நிலைமை மாறிவிட்டது. ரத்தத்தைத் துடைத்து, உடலை வண்டியில் ஏற்றியவன் அவன்தான். முதல் தவறு காதலுக்காகச் செய்தது, இரண்டாவது பயத்தால். படத்தின் பெயரே இங்கிருந்து வருகிறது. டாஷியல் ஹாமெட் 1929-ல் வெளியிட்ட 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில், கொலைகளுக்கு நடுவிலேயே கிடப்பவனுக்கு வரும் புத்தி மழுங்கலைக் குறிக்கும் சொற்சேர்க்கை அது. பாத்திரங்கள் மடத்தனம் செய்கிறார்கள் என்று குறை சொல்பவர், தலைப்பில் சொல்லியிருப்பதைத்தான் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

"விஸ்ஸர் ஏன் ஜோடியை விட்டுவிட்டு மார்ட்டியைச் சுட்டான்?" இது ஓட்டை மாதிரித் தெரியும், ஓட்டை இல்லை. பேசிய வேலையைச் செய்தால் இரண்டு கொலை, அதற்கு மேல் தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரு ஆள் மிச்சம். மார்ட்டியைச் சுட்டால் ஒரே கொலை, அதே பணம், சாட்சி இல்லை, பழி ஆபி மேல். விஸ்ஸரின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. லைட்டரைத்தான் மறந்தான்.

"யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை." இந்த மனக்குறைக்கு உள்ளே ஒழுக்கக் கேள்வி ஒளிந்திருக்கிறது. உறவு மீறிய மனைவி பிழைக்கிறாள், ஏமாற்றப்பட்ட கணவன் மண்ணுக்குள் போகிறான். இது எப்படி நியாயம் என்று நினைப்பவர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். கதை நடக்கும் டெக்சஸில் இந்தக் கேள்விக்கு ஒரு சட்ட வரலாறே உண்டு. மனைவியோடு இன்னொருவனைக் கையும் களவுமாகப் பிடித்த கணவன், அவர்கள் பிரிவதற்குள் அந்த ஆணைக் கொன்றால் அது குற்றமாகாது என்று அந்த மாநிலத் தண்டனைச் சட்டம் வெளிப்படையாகவே சொல்லிவந்தது. 1973-ல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தோடுதான் அந்தப் பிரிவு மறைந்தது. படப்பிடிப்பு நடந்தபோது அது போய்ப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. மார்ட்டி கொதிப்பது அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு. படம் அந்தக் கொதிப்புக்கு ஆமாம் போடவில்லை. வீட்டு வாசலில் ஆபியை இழுத்துப்போகப் பார்க்கும் மார்ட்டியின் விரலை அவள் உடைத்துவிட்டுத் தப்பும் காட்சியில், அவள் ஏன் அவனை விட்டு வந்தாள் என்பதற்குத் தனியாக வசனம் தேவைப்படவில்லை.

"மெதுவாகப் போகிறது." இதற்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும்.

## பணம் இல்லாதது திரையில் எப்படித் தெரிகிறது?

ரே மார்ட்டியைக் கண்டெடுப்பதிலிருந்து வயலில் புதைத்து முடிப்பது வரை, ஏறத்தாழ கால் மணி நேரம், படத்தில் பேச்சே கிடையாது என்று சொல்லலாம். ரே தன் மேல்சட்டையைக் கழற்றித் தரையில் கிடக்கும் ரத்தத்தைத் துடைக்கிறான். துணி அதை உறிஞ்சாமல் இழுத்துப் பரப்புகிறது. சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு போகிறான். துடைக்கத் துடைக்கக் கறை பெரிதாகிறது. வண்டியின் பின்னிருக்கையில் துண்டு விரித்து மூடினால் அதன் வழியாகவும் ஊறி மேலே வருகிறது. நெடுஞ்சாலையில் மார்ட்டி ஊர்ந்து போகிறான். தூரத்தில் லாரி ஒன்றின் விளக்கு. கடைசியில் குழிக்குள்ளிருந்து நடுங்கும் கையால் துப்பாக்கியை நீட்டி அழுத்துகிறான். குண்டு இல்லாமல் க்ளிக் என்ற ஓசை மட்டும் வருகிறது. ரே அதை மெல்லப் பிடுங்கிக்கொண்டு மண்ணை அள்ளிப் போடுகிறான்.

பெரிய படத்தில் இது நாற்பது வினாடி வெட்டாக முடிந்திருக்கும். இங்கே கால் மணி நேரம் நீள்வதற்குப் பணமும் ஒரு காரணம். இரண்டு நடிகர், ஒரு கார், இரவு, வயல் என்று எல்லாமே மலிவு. கோயன் சகோதரர்களின் திறமை, அந்த மலிவையே ஆயுதமாக்கியதில் இருக்கிறது. ஒருவனைக் கொல்வது உடலளவில் எவ்வளவு அழுக்கான, நீண்ட, களைப்பூட்டும் வேலை என்பதைப் பார்வையாளர் கூடவே இருந்து அனுபவிக்க வேண்டும். 'இழுவை' என்பவருக்கும் 'மூச்சு முட்டியது' என்பவருக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் பிரிகோடு. படம் எந்த நிமிடத்தில் தன்னை விட்டுப்போனது என்று கேட்டால் பலரும் இதே இடத்தைத்தான் காட்டுவார்கள்.

மற்றபடி பணக்குறை தெரியும் இடங்கள்:

1. கேமரா நகர்வு. தண்டவாளமும் கிரேனும் வாடகைக்கு எடுக்கக் காசு வேண்டும். ரெய்மியிடம் கற்ற உத்தி ஒன்று உதவியது: நீளமான பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரண்டு முனையையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடுவது. அகலக் கோண லென்ஸ் போட்டால் குலுக்கல் குறைந்து, வேகம் கூடித் தெரியும். வாசல் சண்டையில் புல்வெளியைத் தாண்டிப் பாய்ந்து வரும் அந்த ஷாட் இப்படி எடுத்ததுதான். இதை உயிர்த்துடிப்பு என்பவரும் உண்டு, கத்துக்குட்டித்தனம் என்பவரும் உண்டு.
2. இருட்டு. விளக்குகள் குறைவாக இருக்கும்போது ஒளி படும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். கடைசிக் காட்சியில் விஸ்ஸர் சுவரைத் துளைத்துச் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு ஒளிக்கீற்று இருட்டறைக்குள் பாய்வது நினைவில் நிற்கும் காட்சி. மோசமான அச்சிலும் மங்கலான தொலைக்காட்சியிலும் பார்த்தவர்களுக்கு அது வெறும் கருப்பு.
3. வெற்றிடம். துணை நடிகர்கள் குறைவு. கடையும் தெருவும் பல நேரம் காலியாகக் கிடக்கின்றன. போலீஸ் என்ற ஒன்றே கண்ணில் படுவதில்லை. சிலருக்கு இது நம்பமுடியாமல் இருக்கிறது.

## பணம் இருந்தால் புகார் என்ன ஆகும்?

இதே கருவில், சில ஆண்டு கழித்து, ஸ்டூடியோ எடுத்த படம் 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' (1987). இங்கே உறவு மீறுபவன் கணவன். செலவு சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர். முதலில் எடுத்த முடிவில், அவனோடு உறவு கொண்ட அலெக்ஸ் என்ற பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு சாகிறாள். கத்தியில் இருந்த கைரேகையால் பழி நாயகன் மேல் விழுகிறது. வெளியீட்டுக்கு முன் நடத்திய சோதனைக் காட்சிகளில் பார்வையாளர்கள் இதை ஏற்கவில்லை. அவளுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அலெக்ஸாக நடித்த க்ளென் க்ளோஸ் எதிர்த்தும், மூன்று வாரம் மறுபடி படம்பிடித்து, குளியலறைச் சண்டையும் மனைவி துப்பாக்கியால் சுடுவதுமாக முடிவு மாற்றப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 15 கோடி டாலருக்கு மேல் வசூல்.

அந்த மாற்றத்துக்கு ஆன செலவு சுமார் 13 லட்சம் டாலர். கோயன் சகோதரர்கள் ஒரு முழுப் படத்துக்கே செலவிட்டது 15 லட்சம்.

பெரிய படத்தில் பார்வையாளர் அதிருப்தி வெளியீட்டுக்கு முன்பே அளக்கப்பட்டு, பணத்தைக் கொடுத்துத் தேய்த்துச் சமன்படுத்தப்படுகிறது. நம் காதுக்கு வருவது தேய்த்தபின் எஞ்சிய கருத்து. சிறிய படத்துக்கு அந்த வசதி கிடையாது. முனைகள் அப்படியே இருக்கின்றன, அவை குத்தியவர் கத்துகிறார். ஆக, குறைந்த செலவுப் படத்துக்குக் கருத்து அதிகம் பிளவுபடுவதை வைத்து அது தரத்தில் குறைந்தது என்று முடிவெடுத்துவிடக் கூடாது.

## மதிப்பெண்கள் எதை அளக்கின்றன?

பிளவுபட்ட கருத்தை ஒற்றை எண்ணாகச் சுருக்கும்போது இன்னொரு குழப்பம் சேர்கிறது. மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன.

1. சராசரி. ஐஎம்டிபி இணையதளம் 1 முதல் 10 வரை வாங்கி, எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கொடுக்காமல் சராசரி காண்கிறது. எடை போடும் முறையை அது வெளியிடுவதில்லை.
2. விழுக்காடு. ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தின் பார்வையாளர் பகுதியில் 5-க்கு 3.5 அல்லது அதற்கு மேல் கொடுத்தவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணப்படும். எவ்வளவு பிடித்தது என்பது கணக்கில் வராது.
3. முதல் நாள் தரம். சினிமாஸ்கோர் நிறுவனம் அமெரிக்காவில் வெளியீட்டு நாளன்று அரங்க வாசலில் அட்டை கொடுத்து, தேர்வு முடிவு போல எழுத்துத் தரம் போடுகிறது. அது அளப்பது, விளம்பரம் கொடுத்த வாக்கைப் படம் காப்பாற்றியதா என்பதை. பிராட் பிட் நடித்த 'கில்லிங் தெம் சாஃப்ட்லி' (2012) விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியும் அங்கே கடைசித் தரமான எஃப் வாங்கியது.

கணக்கு போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு படத்துக்கு 1,000 பேர் ஓட்டுப் போட்டு எல்லாரும் 7 கொடுத்தால் சராசரி 7.0. இன்னொரு படத்துக்கு 550 பேர் 10-ம், 450 பேர் 4-ம் கொடுத்தால் சராசரி 7.3. சராசரியில் இரண்டாவது படம் மேலே. 7-ஐ எல்லைக்கோடாக வைத்து விழுக்காடு போட்டால் முதல் படம் 100, இரண்டாவது வெறும் 55. 'பிளட் சிம்பிள்' போன்றவை இரண்டாவது படத்தின் வகையைச் சேர்ந்தவை. அதனால் ஒற்றை எண்ணைப் பார்ப்பதைவிட, 10 முதல் 1 வரை எத்தனை ஓட்டு விழுந்திருக்கிறது என்ற பட்டை வரைபடத்தைப் பார்ப்பது பயன் தரும். நடுவில் ஒரே குன்று இருந்தால் படம் சாதாரணம். இரண்டு பக்கமும் மேடு இருந்தால், நீங்கள் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்பதைப் புகார்களின் வகையை வைத்து ஊகிக்கலாம். மேலே சொன்ன கால் மணி நேரக் காட்சியின் விவரிப்பைப் படிக்கும்போதே ஆர்வம் வந்திருந்தால், 'இழுவை' என்ற குறை உங்களைப் பாதிக்காது.

விமர்சகர்களும் இப்படிப் பிரிந்தார்கள். ரோஜர் ஈபர்ட் முழு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். 'தி நியூயார்க்கர்' இதழில் எழுதிய பாலின் கேலுக்குப் படம் பிடிக்கவில்லை.

## கடைசிக் காட்சியும், நீங்கள் பார்த்த பதிப்பும்

இரும்புப் பெட்டியிலிருந்த படத்தைக் கண்டபின் ரேக்கு உண்மை பாதி விளங்குகிறது. ஆபியின் அறையில் விளக்கை அணைக்கச் சொல்கிறான். பெரிய ஜன்னல், எதிர்க் கட்டடத்தில் யாரோ இருக்கலாம். அவன் தன்னைத்தான் மிரட்டுகிறான் என்று பயந்து அவள் விளக்கைப் போடுகிறாள். குண்டு பாய்ந்து ரே விழுகிறான். பிறகு விஸ்ஸர் வருகிறான். அடுத்த ஜன்னல் வழியாக நீண்ட அவன் கையைச் சட்டத்தோடு சேர்த்துக் கத்தியால் குத்தி நிறுத்துகிறாள். கதவுக்கு அப்பால் இருப்பவன் மார்ட்டி என்று நினைத்துச் சுடுகிறாள். 'உன்னைக் கண்டு எனக்குப் பயமில்லை, மார்ட்டி' என்கிறாள். தரையில் கிடக்கும் விஸ்ஸர் வாய்விட்டுச் சிரிக்கிறான். சாகும் தறுவாயில், கை கழுவும் தொட்டியின் அடிக்குழாயில் திரண்டு நிற்கும் ஒரு துளி நீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். படம் அத்தோடு நின்றுவிடுகிறது.

'ஆபிக்கு உண்மை தெரியவே இல்லையே, பாதியில் விட்டுவிட்டார்கள்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விஸ்ஸரின் சிரிப்புக்குக் காரணமே அதுதான். தான் யார் கையால் சாகிறோம் என்று அவனுக்குத் தெரியும், யாரைக் கொன்றோம் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு எல்லாம் விளங்குவதாக ஒரு காட்சி வைத்திருந்தால் அதுவரை கட்டியது இடிந்திருக்கும்.

கருத்துகளை ஒப்பிடும்போது எந்தப் பதிப்பு என்று பார்ப்பதும் அவசியம். 1985-ல் திரையரங்கில் ஓடியது 99 நிமிடம். 2000-ல் மறுவெளியீடு கண்ட இயக்குநர் பதிப்பு ஏறத்தாழ 96 நிமிடம். அதில் சில காட்சிகள் இறுக்கப்பட்டன, தொடக்கத்தில் கேலியான ஒரு அறிமுக உரை சேர்ந்தது. படத்தில் திரும்பத் திரும்ப வரும் 'இட்ஸ் த சேம் ஓல்ட் சாங்' என்ற ஃபோர் டாப்ஸ் பாடல் அமெரிக்க வீடியோ கேசட் பதிப்பில் இல்லை. அதன் இடத்தில் நீல் டயமண்ட் பாடிய 'ஐயாம் எ பிலீவர்' இருந்தது. 2000 பதிப்பில் பழைய பாடல் திரும்பிவிட்டது. 'பாட்டு பொருந்தவே இல்லை' என்ற பழைய குறை எங்கேனும் கண்ணில் பட்டால், சொன்னவர் கேசட்டில் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. இன்று வட்டிலும் தளங்களிலும் பெரும்பாலும் கிடைப்பது 96 நிமிடப் பதிப்பு. ஓடும் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள்.